காட்சிப் பெட்டியோரத்துச் சீட்டு: கைவினைஞரின் பெயரை எழுதுவது யார்?

2025 ஜூனில் மிலான் நகரில் நடந்த ஆண்கள் ஆடை அணிவகுப்பில் பிராடா என்ற இத்தாலிய ஃபேஷன் நிறுவனத்தின் மாடல்கள் அணிந்துவந்த செருப்பைப் பார்த்ததும் மகாராஷ்டிரத்தின் கோலாப்பூர்க்காரர்களுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. நிறுவனத்தின் குறிப்பில் அது வெறும் 'தோல் செருப்பு'. ஊர்ப் பெயர் இல்லை, செய்தவர் பெயருக்கு இடமே இல்லை. இங்கே சத்தம் எழுந்த பிறகுதான் அந்த வடிவம் இந்தியக் கைவினையிலிருந்து வந்தது என்று பிராடா ஒப்புக்கொண்டது.

கோலாப்பூரிச் செருப்புக்கு 2019-லேயே புவிசார் குறியீடு கிடைத்திருந்தது. ஆகவே, 'குறியீடு இருந்தும் எப்படி இப்படி?' என்று பலர் கேட்டார்கள். மும்பை உயர் நீதிமன்றத்துக்குப் போன பொதுநல மனுவும் நிற்கவில்லை; மனு போட்டவர்கள் அந்தக் குறியீட்டுக்கு உரியவர்கள் இல்லை என்று நீதிமன்றம் தள்ளிவிட்டது. குறியீடு காப்பது ஒரு பெயரை. 'கோலாப்பூரி' என்று சொல்லி வேறு யாரும் விற்கக்கூடாது, அவ்வளவுதான். பெயரையே சொல்லாமல் செருப்பை மட்டும் எடுத்துக்கொண்டால் என்ன செய்வது என்பதற்கு அதில் நேரான விடை கிடையாது.

அப்படியானால் ஒரு கைவினைஞரின் பெயர் எங்கே, யாரால் எழுதப்படுகிறது? இந்தியாவில் கடந்த 70 ஆண்டுகளில் அந்த வேலையைப் பெரும்பாலும் செய்தவர்கள் கண்காட்சி அமைப்பாளர்களும் கலை நிறுவனங்களை நடத்தியவர்களும்தான். 'ஆதரவு' என்ற பொத்தாம்பொதுவான சொல்லால் நாம் கடந்துபோகும் அவர்கள் வேலை உண்மையில் என்ன, அதனால் யாருக்கு என்ன கிடைத்தது, எங்கே பிசகியது என்று பார்க்கலாம்.

## முதலில் நான்கு சொற்கள்

1. கைவினைஞர். கையால், பழகிய நுட்பத்தால் பொருள் செய்பவர். நெசவாளர், குயவர், தச்சர், கன்னார் (உலோக வேலை செய்பவர்) எல்லோரும் இதில் அடக்கம். 'கலைஞர்' என்பதிலிருந்து இவரைப் பிரிக்கும் கோடு திறமையில் இல்லை. கலைஞருக்குப் பெயர் உண்டு. கைவினைஞருக்கு ஊரும் சாதியும் உண்டு. நடைமுறையில் இருப்பது இவ்வளவுதான்.

2. வடிவமைப்பாளர். பொருள் எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பவர். ஒரு காலத்தில் நெசவாளரே வடிவமைப்பாளராகவும் இருந்தார். கல்லூரியில் படித்த டிசைனர் தனி ஆளாக வந்தது நம் ஊரில் 1960-களுக்குப் பிறகுதான்.

3. காப்பாட்சியர், கியூரேட்டர். அரசு அருங்காட்சியகத்தில் காப்பாட்சியர் என்பது பதவிப் பெயர், சேகரிப்பைக் காப்பவர். கியூரேட்டர் என்று இன்று சொல்லும்போது அதைவிடப் பரந்த வேலையைச் சொல்கிறோம். எதைக் காட்டுவது, எதன் பக்கத்தில் வைப்பது, ஓரத்துச் சீட்டில் என்ன எழுதுவது, பணம் எங்கிருந்து வரும் என்று முடிவெடுப்பவர்.

4. சமகாலக் கைவினை. இன்று உயிரோடு இருக்கும் ஒருவர் இன்றைய காலத்தில் செய்வது. பார்க்க மாடர்னாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இந்தக் குழப்பம்தான் பல சண்டைகளின் வேர்.

## அரசு கியூரேட்டராக இருந்த காலம்

சுதந்திரத்துக்குப் பிறகு கைவினைக்கு வாங்குபவரும் காட்டுபவரும் பெரும்பாலும் அரசுதான். 1952-ல் அகில இந்தியக் கைவினை வாரியம் வந்தது. கமலாதேவி சட்டோபாத்யாய் ஏறத்தாழ 20 ஆண்டுகள் அதன் தலைமையில் இருந்தார். இந்தியக் கைவினைக் கவுன்சிலை 1964-ல் தொடங்கி, அதன் தலைமையகத்தைச் சென்னையில் வைத்ததும் அவர்தான். தேர்ந்த கைவினைஞர்களுக்கான தேசிய விருது 1965-ல் தொடங்கியது. அதுவரை 'காஞ்சிபுரம் பட்டு', 'மொராதாபாத் பித்தளை' என்று சரக்குப் பெயரில் மட்டும் தெரிந்தவர்கள் தனி மனிதராக மேடை ஏறியதற்கு இந்த விருது ஒரு முக்கியக் காரணம்.

கைத்தறிப் பக்கம் அதே போன்ற வேலையை முன்னின்று நடத்தியவர் புபுல் ஜெயகர். நெசவாளர் சேவை மையங்களில் ஓவியர்களை வேலைக்கு வைத்தது அந்தக் காலத்தின் துணிச்சலான ஏற்பாடு. கே.ஜி. சுப்ரமணியன் மும்பையில் இருந்தார். பிரபாகர் பார்வே வாரணாசியில் இருந்தார். ஓவியரும் நெசவாளரும் ஒரே கூரைக்குக் கீழே. இதன் விளைவை 1980-களில் மார்தாண்ட் சிங் நடத்திய 'விஸ்வகர்மா' துணிக் கண்காட்சிகளில் உலகம் பார்த்தது.

வாரியங்களின் குறையும் கூடவே தெரிந்தது. அரசு எம்போரியத்துக்கு, அதாவது அரசின் கைவினைக் கடைக்கு, ஒரே மாதிரியான 200 உருப்படி வேண்டும், அதுவும் குறித்த தேதிக்குள். தனித்தன்மை அங்கே தலைவலி.

## ஒரு தாள் செய்த வேலை

மிதிலை ஓவியத்தின் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பெயர் எப்படிப் பிறக்கிறது என்பது அங்கேதான் துல்லியமாகத் தெரிகிறது.

மிதிலை என்பது பீகாரின் மதுபனிப் பகுதி. அங்கே கல்யாண வீட்டில் மணமக்கள் அறையின் சுவரில் பெண்கள் வரைவார்கள். அந்த அறைக்குக் கோஹ்பர் கர் என்று பெயர். தாமரை வட்டங்கள், நடுவே ஊடுருவி நிற்கும் மூங்கில் தண்டு, மீன், கிளி. பல பெண்கள் கூடி வரைவார்கள். மழைக்காலம் போனால் சுவரைப் புதிதாக மெழுகிவிடுவார்கள். படத்துக்கு ஆசிரியரும் இல்லை, ஆயுளும் இல்லை. 1934 நிலநடுக்கத்தில் வீடுகள் பிளந்தபோது சேதம் பார்க்கப் போன டபிள்யூ.ஜி. ஆர்ச்சர் என்ற ஆங்கிலேய அதிகாரி உட்சுவர்களில் இதைக் கண்டு படம் எடுத்து, பின்னாளில் எழுதினார். ஆனால் அதனால் வரைந்த பெண்களுக்கு ஒன்றும் மாறவில்லை.

மாற்றம் வந்தது 1966-67 வறட்சியில். நிவாரண வேலையாக, சுவரில் வரைவதைத் தாளில் வரைந்தால் விற்றுக் கொடுக்கலாம் என்று புபுல் ஜெயகர் தரப்பில் முடிவானது. தாள்களோடு ஊர் ஊராகப் போனவர் பாஸ்கர் குல்கர்னி என்ற மும்பை ஓவியர். தாள் என்ன செய்தது என்று யோசித்துப் பாருங்கள். சுவரைச் சுற்றி நான்கு பேர் உட்காரலாம். மடியில் வைத்த தாளில் ஒருத்திதான் வரைய முடியும். சுவரை விற்க முடியாது. தாளைச் சுருட்டித் தில்லிக்கு அனுப்பலாம். விற்ற பணம் யாருக்கு என்று கேட்டால் பின்னால் பெயர் எழுதியாக வேண்டும். கையெழுத்து என்ற பழக்கம் இப்படித்தான் வந்தது. சீதா தேவி, ஜகதம்பா தேவி, கங்கா தேவி, மகாசுந்தரி தேவி என்று பெயர்கள் வெளியே வந்தன. 1975-ல் ஜகதம்பா தேவிக்குப் பத்மஸ்ரீ.

தாள் முதலில் யார் கைக்குப் போனது என்பதும் பேசப்பட வேண்டியது. தொடக்கத்தில் பெரும்பாலும் பிராமண, காயஸ்தப் பெண்களுக்கு. வண்ணம் நிரப்பும் 'பர்னி' பாணி, மெல்லிய கோட்டில் வரையும் 'கச்னி' பாணி என்று நாம் அறிந்தவை அவர்களுடையவை. துசாத் என்ற தலித் சமூகத்துப் பெண்கள் தங்கள் பச்சைக்குத்து வடிவங்களிலிருந்து 'கோத்னா' பாணியை உருவாக்கித் தாளுக்கு வந்தது 1970-களில்தான். ஒரு கண்காட்சிக்காரர் எந்தத் தெருவரை நடக்கிறார் என்பதைப் பொறுத்து ஒரு கலையின் 'மரபுப் பாணி' எது என்பதே மாறிப்போகிறது!

கங்கா தேவி கச்னி பாணிக்காரர். 1985-ல் இந்திய விழாவுக்காக அமெரிக்கா போனவர், திரும்பிவந்து தான் பார்த்ததை வரைந்தார்: வாஷிங்டன் நினைவுத் தூண், ரோலர் கோஸ்டர் சவாரி. கோஹ்பர் சுவருக்குப் பழகிய அதே கோடு, அதே நெருக்கமான நிரப்பல். புற்றுநோய் வந்து தில்லியில் சிகிச்சை எடுத்தபோது அதையும் ஒரு படத்தொடராக்கினார். 'மரபு மாறக்கூடாது' என்று அடம்பிடிக்கும் வாங்குவோர் இந்தப் படங்களை ஒருமுறை பார்க்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து ஊக்கம் கொடுத்தவர் தில்லி கைவினை அருங்காட்சியகத்தின் அப்போதைய இயக்குநர் ஜோதீந்திர ஜெயின். அந்த அருங்காட்சியகத்திலேயே ஒரு முழு அறையைக் கோஹ்பர் கராகக் கங்கா தேவி வரைந்து கொடுத்தார். 1991-ல் இறந்தார். அந்த அறையின் ஓவியம் சீரமைப்பு வேலையில் அழிந்துபோனதாக 2015-ல் செய்தி வந்தது.

## பாட்டன்கட்டிலிருந்து பாரிஸ்

இரண்டாவது கதை மத்தியப் பிரதேசத்தில். 1982-ல் போபாலில் பாரத் பவன் என்ற கலை மையம் திறக்கப்பட்டது. கட்டடம் சார்லஸ் கொரியா வடிவமைத்தது. அதன் நுண்கலைப் பிரிவை நடத்தியவர் ஓவியர் ஜே. சுவாமிநாதன். தமிழ்க் குடும்பம், பிறந்தது சிம்லாவில். மாணவர்களையும் ஓவியர்களையும் கிராமங்களுக்கு அனுப்பி, அங்கே வரைகிறவர்களைத் தேடச் சொன்னார். கிடைத்தவற்றை நகரத்து நவீன ஓவியங்கள் இருக்கும் அதே கட்டடத்தில் வைத்தார். 'இவர்களும் நம் காலத்தவர்கள்தான்' என்பது அவர் வாதம்.

அந்தத் தேடலில் பாட்டன்கட் என்ற ஊரில் ஒரு வீட்டுச் சுவர் கண்ணில் பட்டது. வரைந்தவர் 20 வயதைத் தொடாத ஜன்கர் சிங் ஷியாம். கோண்டு மக்களுக்குக் கதை பாடும் பர்தான் சமூகம். பாட்டாக இருந்த தெய்வங்களுக்கு அவர் உருவம் கொடுத்தார். போபாலுக்கு வந்து பாரத் பவனில் வேலைக்குச் சேர்ந்தார். தாள், போஸ்டர் கலர், அக்ரிலிக், அச்சுக்கலை எல்லாம் கைக்கு வந்தன. உறவுக்காரப் பையன்களையும் பெண்களையும் கூட்டிவந்து பக்கத்தில் உட்காரவைத்தார். ஜன்கர் உருவத்தின் வெளிக்கோட்டைப் போடுவார், அவர்கள் உள்ளே புள்ளியும் கோடும் நிரப்புவார்கள். நிரப்பிப் பழகியவர்கள் பிறகு தனித்தனிப் புள்ளி வகைகளைத் தங்கள் அடையாளமாக்கிக்கொண்டார்கள். இன்று கடைகளில் 'கோண்டு ஓவியம்' என்று விற்பதெல்லாம் பெரும்பாலும் இந்த ஒரு வீட்டிலிருந்து கிளைத்தது. ஆயிரம் வருடப் பழமை என்று அட்டையில் போடுகிறார்கள். தாளில் வந்து சேர்ந்து 45 வருடம்தான் ஆகிறது.

1989-ல் பாரிஸில் ழான்-உபேர் மார்த்தன் நடத்திய 'மஜீசியன் த லா தேர்' (பூமியின் மந்திரவாதிகள்) கண்காட்சியில் ஏறத்தாழ நூறு கலைஞர்கள். பாதிப்பேர் மேலைநாட்டவர், மீதி மற்ற நாடுகளிலிருந்து. ஜன்கரும் மிதிலையின் பவுவா தேவியும் அதில் இருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே அளவுச் சீட்டு, பெயரோடு. 1998-ல் ஜோதீந்திர ஜெயின் தில்லியில் ஐந்து பேரை மட்டும் எடுத்து ஒரு கண்காட்சி வைத்தார்: கங்கா தேவி, ஜன்கர், வார்லி ஓவியர் ஜீவ்யா சோமா மஷே, சர்குஜாவின் மண்சிற்பக்காரர் சோனாபாய், மணிப்பூர்க் குயவர் நீலமணி தேவி. ஐந்து பாணி என்று சொல்லாமல் ஐந்து ஆட்கள் என்று காட்டியதுதான் புதுசு.

2001-ல் ஜப்பானின் நீகாட்டா பகுதியில் உள்ள ஒரு சிறு அருங்காட்சியகத்துக்கு ஜன்கர் அழைக்கப்பட்டுப் போயிருந்தார். தங்கி வரைந்து கொடுக்க வேண்டும். தங்கும் காலம் நீட்டிக்கப்பட்டது, ஊர் திரும்ப முடியாத மனஉளைச்சல் என்று பின்னால் செய்திகள் வந்தன. அங்கேயே உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 40-ஐத் தொடவில்லை. இந்தியக் கலையுலகம் அதிர்ந்துபோய்க் கேட்ட கேள்விகள் மிகச் சாதாரணமானவை: ஒப்பந்தம் என்ன மொழியில் இருந்தது? எவ்வளவு நாள், என்ன சம்பளம், எத்தனை படம்? அவர் சார்பில் யார் பேசினார்கள்? பாரிஸில் பெயர் போடத் தெரிந்த உலகத்துக்கு, ஒரு தாள் ஒப்பந்தத்தைப் படித்துக் காட்ட ஆள் ஏற்பாடு செய்யத் தெரியவில்லை.

## சீட்டில் எழுதுவது எப்படி ரூபாயாகிறது

'கலை', 'கைவினை' என்று சீட்டில் எழுதுவது மரியாதைப் பிரச்சினை என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். சட்டத்தைப் புரட்டினால் அது பணப் பிரச்சினை.

1. புவிசார் குறியீடு (1999-ல் இயற்றி, 2003-ல் நடைமுறைக்கு வந்த சட்டம்). ஊருக்கும் அங்கே செய்யும் கூட்டத்துக்கும் உரியது. பத்தமடைப் பாய்க்கு உண்டு. அந்தப் பாயில் புதுக் கட்டம் போட்ட குறிப்பிட்ட பெண்ணுக்கு இதில் ஒன்றும் இல்லை.

2. வடிவமைப்புச் சட்டம் (2000). புதிய வடிவத்தைப் பதிவு செய்தால் 10 ஆண்டு, நீட்டித்தால் இன்னும் 5 ஆண்டு காப்பு. 'புதியது' என்று காட்ட வேண்டும். பாட்டி காலத்து வடிவம் என்றால் கதவு மூடிவிடும்.

3. பதிப்புரிமைச் சட்டம் (1957). ஓவியம், சிற்பத்தோடு 'கலைநயமுள்ள கைவினைப் படைப்பு' என்பதையும் இது ஏற்கிறது. செய்தவர் ஆயுளுக்கும் அதன்பின் 60 ஆண்டுக்கும் உரிமை. ஆனால் ஒரு கொக்கி: வடிவமாகப் பதிவு செய்யத்தக்க ஒன்றைப் பதிவு செய்யாமல் விட்டு, தொழில்முறையில் 50 பிரதிக்கு மேல் போய்விட்டால் அந்த வடிவத்தின் மேல் உள்ள பதிப்புரிமை போய்விடும். அம்பதைத் தாண்டாமல் பிழைக்கிற சேலைக் கடை எது? அப்புறம், சம்பள ஆளாக இருந்து செய்தால் முதல் உரிமையாளர் முதலாளிதான், வேறு மாதிரி எழுதிக்கொள்ளாதவரை.

4. மறுவிற்பனைப் பங்கு. அதே சட்டத்தின் 53-ஏ பிரிவு. ஓவியமோ சிற்பமோ வரைபடமோ பின்னாளில் 10,000 ரூபாய்க்கு மேல் மறுபடி விற்றால், படைத்தவருக்கோ வாரிசுக்கோ அதில் பங்கு உண்டு. உச்சவரம்பு 10 சதவீதம். பட்டியலில் துணி இல்லை, பாய் இல்லை, பானை இல்லை. ஒரே கை, ஒரே உழைப்பு. சட்டகம் போட்ட தாள் என்றால் பங்கு, தறியிலிருந்து இறங்கிய துணி என்றால் இல்லை. வசூலிக்க ஆள் இல்லாததால் ஓவியர்களுக்கே இது அதிகம் கைக்கு வருவதில்லை என்பது வேறு கதை.

5. படைப்பாளியின் தனியுரிமை. 57-ஆம் பிரிவு. இது நான் செய்தது என்று சொல்லவும், சிதைத்தால் தட்டிக் கேட்கவும் உரிமை. சிற்பி அமர்நாத் சேகல் தில்லி விஞ்ஞான் பவனில் செய்த வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979-ல் அரசு கழற்றிக் கிடங்கில் போட்டது. வழக்குப் போட்டு, 2005-ல் தில்லி உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தார். சிற்பத்தைத் திருப்பிக் கொடுக்கவும், 5 லட்சம் இழப்பீடு தரவும் உத்தரவு.

சேகலின் வழக்கையும் கங்கா தேவியின் அழிந்த அறையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் தில்லி, இரண்டும் அரசுக் கட்டடம். சேகல் உயிரோடு இருந்தார், வக்கீல் வைக்க முடிந்தது, தன்னைச் சிற்பி என்று நீதிமன்றத்தை ஒப்புக்கொள்ளவைக்க மெனக்கெட வேண்டியிருக்கவில்லை.

## ஒரு சேலைக்கு எத்தனை பெயர்?

தனி ஆளின் பெயரைப் போடுங்கள் என்று சொல்வது ஓவியத்தில் சுலபம். காஞ்சிபுரத்துக்கு வந்தால் சிக்கல் புரியும்.

கோர்வைச் சேலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். உடலுக்கு ஒரு நிறம், இரண்டு பக்கக் கரைக்கு வேறு நிறம். மூன்று நாடா (குறுக்கு நூலான ஊடையைச் சுமந்து ஓடும் தறிக்கருவி) ஓட வேண்டும். ஒரு பக்கம் நெய்பவர் தானே வீசுவார், மறு பக்கத்துக்கு உதவிக்கு ஓர் ஆள் உட்கார வேண்டும். பெரும்பாலும் வீட்டுப் பெண்ணோ பையனோ. கரையும் உடலும் சேருமிடத்தில் ஒவ்வொரு இழைக்கும் ஊடை கொக்கி போட்டுத் திரும்ப வேண்டும். விரலால் தடவினால் சின்ன மேடு தெரியும். அதற்கு முன்னால் சாயம் போட்டவர், நீளவாட்டு நூலான பாவை ஓட்டியவர், கட்டத்தாளில் புட்டா என்ற பூவேலையை வரைந்தவர். பட்டும் ஜரிகையும் மாஸ்டர் வீவர் கொடுத்தது. நெய்தவருக்குச் சேலைக்கு இவ்வளவு என்று கூலி. இப்போது சீட்டில் யார் பெயர்?

வெளிநாட்டு ஃபேஷன் நிறுவனங்கள் இதற்கு ஒரு சௌகரியமான விடை வைத்திருக்கின்றன: பட்டறையின் பெயர். 2023 மார்ச்சில் டியோர் மும்பை கேட்வே ஆஃப் இந்தியா முன்னால் அணிவகுப்பு நடத்தியபோது சாணக்யா எம்பிராய்டரி நிறுவனத்தின் பெயர் எல்லாச் செய்தியிலும் வந்தது. ஐரோப்பியத் துணிகளில் இந்தியக் கை இருப்பதை மறைத்துவந்த தொழிலில் அதுவே பெரிய மாற்றம், மறுக்க முடியாது. ஊசி பிடித்தவர்கள் இன்னும் ஒரு படி கீழேதான் இருக்கிறார்கள்.

என் கணிப்பில் சினிமாக்காரர்கள் இதை எப்போதோ தீர்த்துவிட்டார்கள். படத்தின் முடிவில் லைட்மேன் பெயர்கூட ஓடுகிறது. அதனால் இயக்குநர் பெயர் சிறுத்துவிடவில்லை. வடிவமைப்பு, சாயம், பாவு, நெசவு, உதவி என்று ஐந்து வரி எழுத ஒரு சீட்டில் இடம் இல்லாமல் போகாது. விவரம் கேட்டு வாங்கத்தான் ஆள் வேண்டும், அதுவும் மாஸ்டர் வீவரைத் தாண்டிப் போய்.

பரிசுகளின் பக்கம் இன்னொரு வடிகட்டி இருக்கிறது. ஸ்பெயினின் லோவே அறக்கட்டளை 2016-ல் அறிவித்த கைவினைப் பரிசு 50,000 யூரோ. யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். 2025-ல் சிறப்புப் பாராட்டு பெற்றவர்களில் ஒருவர் இந்தியரான சுமக்ஷி சிங். செப்பு ஜரிகை இழையால் பழைய கல்தூண் ஒன்றைக் காற்றில் நிற்பதுபோலச் செய்திருந்தார். நல்ல வேலை. அவர் கலைக்கல்லூரியில் படித்தவர். ஆங்கிலத்தில் தன் வேலையைப் பற்றி ஒரு பக்கம் எழுதி, நல்ல வெளிச்சத்தில் எடுத்த படங்களோடு அனுப்பத் தெரிந்தவர்களுக்குத்தான் இந்த மாதிரிக் கதவுகள் திறக்கும். ஜரிகையையே தொழிலாகக் கொண்ட சூரத்துப் பட்டறைக்காரர் அந்த விண்ணப்பத்தைப் பார்த்திருக்கவே மாட்டார். நடுவில் நின்று எழுதித் தரும் ஆள்தான் இங்கே கியூரேட்டர். கண்காட்சி வைப்பது அதற்குப் பிறகு வரும் வேலை.

## சென்னையில் தலைகீழாக நடந்தது

கலையுலகம் கைவினையைத் தூக்கிவிட்டதாகவே கதை சொல்லிப் பழகிவிட்டோம். சென்னையில் கைவினை கலையுலகத்துக்குச் சோறு போட்டது. 1960-களில் சென்னை ஓவியக் கல்லூரி முதல்வர் கே.சி.எஸ். பணிக்கரைச் சுற்றி இருந்த இளம் ஓவியர்களின் படங்களை வாங்க ஆள் இல்லை. அவர்கள் கைவினைச் சங்கம் ஒன்று வைத்து, பத்திக் துணியும் (மெழுகு பூசிச் சாயமிடும் துணி) மற்ற பொருட்களும் செய்து விற்றார்கள். அந்தக் காசில் ஈஞ்சம்பாக்கத்தில் ஏறத்தாழ 10 ஏக்கர் வாங்கி, 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் எழுந்தது. பத்திக்கும் ஓவியமுமாகப் பிழைத்தார்கள். இன்று அங்கே போகிறவர்கள் ஓவியங்களைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். மனை வாங்கிக் கொடுத்த பத்திக் துணியில் யார் கை எது என்று கேட்பவர் குறைவு.

அதே சென்னையில் தாரா புக்ஸ் பதிப்பகம் வேறொரு வழியில் போனது. ஜன்கரின் உறவினரான பஜ்ஜு ஷியாம் போன்ற கோண்டு ஓவியர்களோடு கையால் அச்சிட்ட படப்புத்தகங்கள் செய்து, அட்டையில் அவர்களை ஆசிரியர்களாகப் போட்டது. புத்தகத்தில் பெயர் போட்டால் கூடவே ராயல்டி என்ற கேள்வி வந்துவிடும். அதுதான் இந்த வழியின் சூட்சுமம். பஜ்ஜுவுக்கு 2018-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

## ஒரு கண்காட்சியை எடைபோட

அடுத்த முறை 'கைவினைஞர்களுக்கு ஆதரவு' என்று ஒரு கண்காட்சியோ மேளாவோ விளம்பரம் செய்தால் பார்க்க வேண்டியவை:

1. சீட்டில் ஆள் பெயர் இருக்கிறதா, 'தமிழ்நாடு, 20-ஆம் நூற்றாண்டு' என்று மட்டும் இருக்கிறதா. உயிரோடு இருப்பவரை நூற்றாண்டுக் கணக்கில் எழுதுவது அபத்தம்.

2. பணம் எந்த வகையில் போகிறது. பொருளை மொத்தமாக வாங்கிவிட்டார்களா, விற்றால் தருகிறோம் என்று வாங்கி வைத்திருக்கிறார்களா? இரண்டாவது என்றால் விற்காத நஷ்டம் செய்தவர் தலையில். கேலரி கமிஷன் பாதிவரை போவது உண்டு. கேலரி அதற்கு என்ன செலவு செய்கிறது என்று கேட்பதில் தப்பில்லை.

3. உட்கார்ந்து செய்துகாட்டச் சொன்னால் அந்த நாளுக்குக் கூலி உண்டா. கண்காட்சியில் பத்து நாள் தறி ஓட்டிக் காட்டுபவர் அந்தப் பத்து நாளும் வீட்டில் நெய்யவில்லை.

4. புதிதாக ஏதாவது செய்ய இடம் கொடுத்தார்களா. கங்கா தேவியிடம் ரோலர் கோஸ்டர் வேண்டாம், மீனும் தாமரையும் போதும் என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

5. அடுத்த ஆள் யார். ஒருவரைக் கண்டுபிடித்து உச்சியில் வைத்துவிட்டுப் போவது எளிது. ஜன்கர் தானாகவே உறவுகளைச் சேர்த்துக்கொண்டார். எல்லாரும் அப்படி இருக்க மாட்டார்கள்.

இதில் இரண்டுக்கு மேல் நல்ல பதில் கிடைத்தாலே அபூர்வம் என்பேன்.

## 'பெயர் போடாததே நம் மரபு' என்பவர்களுக்கு

இந்தப் பேச்சு எடுத்தாலே வரும் எதிர்வாதம் ஒன்று உண்டு: நம் சிற்பிகள் பெயரை நாடவில்லை, பெயர் மோகம் மேற்கிலிருந்து வந்தது. சுவாமிமலையில் மெழுகில் உரு செய்து, வண்டல் மண் பூசி, சுட்டு, உலோகம் ஊற்றி, அச்சை உடைத்து எடுக்கும் பூசைத் திருமேனியில் ஸ்தபதி பெயர் பொறிப்பதில்லை என்பது சரி. வழிபாட்டுக்கு உரியதில் அவரே அதை விரும்பாமல் இருக்கலாம்; அது அவர் முடிவு.

அதற்காக மரபு முழுவதையும் பெயரற்றது என்று சொல்ல முடியாது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் தளிச்சேரிப் பெண்கள் (கோயில் பணிக்கு அமர்த்தப்பட்ட ஆடல் மகளிர்) 400 பேரின் பெயரும் வீட்டு வரிசையோடு இருக்கிறது. அதைத் தொடர்ந்து வரும் பட்டியலில் தையற்காரர், கன்னார், தச்சர் எல்லோரும் உண்டு: வீரசோழன் குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன், அவனுக்குக் கீழே நித்தவினோதப் பெருந்தச்சன், கண்டராதித்தப் பெருந்தச்சன். ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே அவரவர் பங்கு. தளிச்சேரிப் பெண்ணின் ஒரு பங்கு என்பது ஆண்டுக்கு நூறு கலம் நெல். எந்த மரக்காலால் அளக்க வேண்டும் என்பதைக்கூட விடவில்லை. 'ஆடவல்லான்' என்று அந்த மரக்காலுக்கும் ஒரு பெயர் வைத்து, அதையும் வெட்டியிருக்கிறார்கள்.